பேதி நிற்க மாத்திரை எடுக்கும் முன்: சேலம், ஏற்காடு மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் ஏற்காட்டிலும் மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மலைமேல் இருக்கிற எங்களுக்கு டாக்டரை விட நீங்கள்தான் பக்கம். ஊரிலிருந்து பஸ் பிடித்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கினால்தான் சேலம். காய்ச்சலோ வயிற்றுவலியோ, முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். "டாக்டரைப் போய்ப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினால் எங்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் எடுத்ததற்கெல்லாம் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்கப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கு இறங்கிய பிறகு, ராத்திரியெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். பத்து மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. மூன்றாம் நாள் திண்ணைக்கு வந்து, கால் நீட்டி, வெற்றிலை கேட்டார். மார்ஃபின் என்றதும் "ஐயோ, போதை மருந்தா?" என்று பதறுகிற சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த மருந்தின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

குறை சீட்டில்தான். மார்ஃபினைத் தொடர்ந்து கொடுப்பதென்றால் கூடவே மலமிளக்கியும் எழுத வேண்டும். வலி மருத்துவத்தில் இது பாலபாடம். எங்கள் சீட்டில் அது இல்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் கூட்டம் அலைமோதியது, விட்டுப்போயிருக்கும். மார்ஃபின் தரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. மூளையில் மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்கிற அதே ஏற்பிகள் குடல் சுவரிலும் இருக்கின்றன. அங்கே ஒட்டியதும் குடல் தள்ளுவதை நிறுத்துகிறது, நீர் சுரப்பதும் குறைகிறது, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. மலம் கல்லாகிறது. டிரமடால், கோடீன், தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் பட்டை என்ற வலி மருந்துகள் எல்லாம் இதே குடும்பம்தான், ஏறக்குறைய.

நாலு நாளாக அம்மா வெளிக்குப் போகவில்லை. எங்கள் ஊர்க் கைவைத்தியம் இசப்கோல், அதைக் கொடுத்தேன். தண்ணீரை உறிஞ்சி உப்பி, குடலை உந்த வைப்பதுதான் இசப்கோலின் வேலை. உந்தாத குடலில், அதுவும் தண்ணீர் குடிக்காதவர் வயிற்றில், அது இன்னும் ஒரு கட்டியாகத்தான் சேரும். அம்மா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்றால், கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் பத்துப் படி கீழே இருந்தது. மழைக்காலம் வேறு.

எட்டாம் நாள் தண்ணியாகப் போனது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை, சேலையெல்லாம் நனைந்தது. எனக்குச் சந்தோஷம்கூட, அடைப்பு விட்டது என்று. மறுநாளும் நிற்கவில்லை. மலையில் ஒரு கடைக்கு ஓடினேன்.

"அண்ணா, அம்மாவுக்கு வயித்தால போயிட்டே இருக்குது. நிக்கிறதுக்கு மாத்திரை குடுங்க."

"எத்தனை நாளா தங்கச்சி?"

"ரெண்டு நாளா."

லோபரமைட் ஓர் அட்டை கொடுத்தார். கூடவே உப்புச்சர்க்கரைப் பொட்டலம். நல்ல மனுஷன், சில்லறை இல்லை என்றதும் அப்புறம் தா என்றுதான் சொன்னார்.

அன்று எனக்குத் தெரியாதது இது. லோபரமைடும் மார்ஃபினின் சொந்தக்காரன்தான். குடலில் அதே ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. மூளைக்குள் நுழையப் பார்த்தால் அங்கே வாசலில் இருக்கும் ஒரு புரதம் அதைத் தள்ளி வெளியே அனுப்பிவிடும். அதனால் சாதாரண அளவில் வலியும் குறையாது, போதையும் வராது. குடலை நிறுத்தும் வேலையை மட்டும் சுத்தமாகச் செய்யும். ஏற்கெனவே மார்ஃபின் பூட்டிய வீட்டுக்கு நான் இரண்டாவது பூட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். (அளவுக்கு மீறி விழுங்கினால் லோபரமைட் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும், அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-ல் இதற்கு எச்சரிக்கை விட்டது. சின்ன மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம்.)

அடுத்த நாள் வயிறு கொட்டாங்கச்சி போல உப்பியது. வாந்தி. வேன் பிடித்து இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அம்மா முனகியது இன்னும் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா கையுறை மாட்டிப் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "இது பேதி இல்லைங்க கண்ணு. உள்ள கல்லாட்டம் அடைச்சிருக்குது. அதோட ஓரமா தண்ணி ஒழுகுது, அவ்வளவுதான்." விரலால் எடுத்து, எனிமா கொடுத்து, இரண்டு நாள் ஆயிற்று சரியாக. அம்மாவுக்கு வலியை விடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது.

கடைக்கார அண்ணனை நான் குற்றம் சொல்லவில்லை. மார்ஃபின் உங்கள் அலமாரியில் இருக்கிற சரக்கு அல்ல. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் அது பல காலம் ஆஸ்பத்திரிக்கே எட்டாமல் இருந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு வழி கொஞ்சம் இளகினாலும், அனுமதி பெற்ற மருத்துவமனையிலிருந்துதான் பெரும்பாலும் வீட்டுக்கு வருகிறது. நோயாளி அதை விழுங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை, கேட்டால் தவிர. எனக்கோ அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. வயிற்றால் போவதற்கும் வலி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றிருந்தேன்.

இதன் பிறகு பிசாகோடில் என்ற மலமிளக்கி மாத்திரை எழுதித் தந்தார்கள். அம்மா எந்த மாத்திரையானாலும் பாலோடுதான் போடுவார். அந்த மாத்திரையின் மேல் உள்ள பூச்சு குடலில் போய்க் கரைய வேண்டியது. பால் அதை வயிற்றிலேயே கரைத்துவிடும். முறுக்கிப் பிடித்து வலித்தது. அன்று நான் வேலையாகச் சேலத்தில் இருந்தேன். நாலு ரோடு பக்கம் ஒரு கடையில் வயிற்று முறுக்கலுக்குப் போடுகிற டைசைக்ளோமின் கேட்டேன். கல்லூரி முடித்த மாதிரி ஒரு பெண் இருந்தது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டது:

"யாருக்குங்க அக்கா? அவங்க வேற வலி மாத்திரை ஏதாச்சும் போடுறாங்களா?"

மார்ஃபின் என்றேன். அட்டையை உள்ளே வைத்துவிட்டது. டைசைக்ளோமின் குடலின் அசைவை இன்னொரு வழியாகக் கட்டிப்போடும், மார்ஃபினோடு சேர்ந்தால் மறுபடி அடைக்கும், வயசானவர்களுக்குச் சிறுநீரும் கட்டும், புத்தியும் தடுமாறும் என்று சொன்னது. பால் விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அந்தப் பெண்தான். ஒரு ரூபாய் வியாபாரம் ஆகவில்லை. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்தக் கேள்வியைத்தான் எல்லாக் கடையிலும் கேட்கச் சொல்கிறேன். பேதி நிற்கவோ வயிற்று முறுக்கலுக்கோ மாத்திரை கேட்டு வந்தால், "வலிக்கு என்ன போடுறீங்க?" பேதி என்றால் கூடவே இன்னொன்று: "அதுக்கு முன்னாடி எத்தனை நாள் போகாம இருந்துச்சு?" எங்கள் வீடு போலப் புற்றுநோய் வீடுகள் மட்டும் இல்லை. கொலுசுப் பட்டறையில் குனிந்தே உட்கார்ந்து இடுப்பு போனவர்கள், தறிக்காரர்கள், தோட்டத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று டிரமடால் சேர்ந்த மாத்திரை போடுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். 2018-ல் அதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சீட்டைப் பார்த்துத்தான் கொடுக்கிறீர்கள். அப்படிக் கொடுக்கும்போதே வெளிக்குப் போகிறதா என்று கேட்டுவிடலாம். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் மட்டும் மலமிளக்கிகூட உங்கள் கையால் தராதீர்கள். அப்போது கூலி போனாலும் பரவாயில்லை, கீழே அனுப்பிவிடுங்கள்.

மார்ஃபின் எழுதும் டாக்டர்களுக்கும் ஒரு வரி: மலமிளக்கியை மேலே எழுதிவிட்டு, கீழே மார்ஃபினை எழுதுங்கள். மறக்காது.

அம்மா அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தார். ராத்திரி தூங்கினார். பிசாகோடிலை வெந்நீரோடு போட்டுக்கொண்டார், பால் இல்லாத மாத்திரை என்ன மாத்திரை என்று திட்டிக்கொண்டே.

அடுத்த வாரம் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க உங்கள் கடைகளில் ஒன்றுக்கு வருவேன். மூட்டு வலிக்கு டிரமடால் போடுகிறார். கேளுங்கள், சொல்கிறேன்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து ஒரு மகள்