சிவப்புக் கப்பலும் பாப்பாவின் பயணமும்

பென்னாகரம்
ஐப்பசி 12

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. பாப்பா கப்பலில் அண்டார்க்டிகாவுக்குச் சுற்றுலா போகலாமா என்று கேட்டிருந்தாய். 'போகட்டும்' என்று போனில் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். ஆனால் அதைக் கேட்டுத் தங்கச்சிக்குத் தூக்கம் வந்துவிடாது. அதனால்தான் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். சரோஜாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கேழ்வரகு இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது. மேலே கர்நாடகாவில் அணையைத் திறந்துவிட்டதால் காவிரியில் வெள்ளம். ஒகேனக்கல்லில் பத்து நாளாகப் பரிசலுக்குத் தடை.

வெள்ளைப் பனிக்கு நடுவே ஒரு சிவப்புக் கப்பல் சாய்ந்து கிடக்கும் படத்தைப் பார்த்துத் தங்கச்சி பயந்துபோனதாக எழுதியிருந்தாய். அது எக்ஸ்ப்ளோரர். எனக்கு மிகவும் பிடித்த கப்பல்களில் ஒன்று. அதன் கதையை முழுசாகச் சொன்னால்தான் பயம் தெளியும்.

லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்று ஒரு மனிதர். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் தொழில் செய்தவர். 1966-ல் அர்ஜென்டினா கடற்படையின் கப்பலை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலாப் பயணிகளை அண்டார்க்டிகாவுக்குக் கூட்டிப்போனார். வாடகைக் கப்பல் சரிப்படாது என்று தோன்றியதும், இந்த வேலைக்கென்றே பின்லாந்தில் ஒரு கப்பல் கட்டச் சொன்னார். 1969-ல் வந்தது. நீளம் வெறும் 73 மீட்டர். நம் டவுன் பஸ் ஆறேழை வரிசையாக நிறுத்தினால் அவ்வளவுதான். பயணிகள் நூறு பேர் அளவில். பனியைத் தாங்கப் பலப்படுத்திய ஹல், அதாவது கப்பலின் உடல். பனிக்கு நடுவே தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு.

அதை வேண்டுமென்றே சிறிதாகக் கட்டினார்கள், முருகேசா. அங்கே ஜெட்டி கிடையாது, கிரேன் கிடையாது. பெரிய கப்பல் தூரத்திலேயே நிற்க வேண்டியதுதான். இது ஆழம் குறைந்த விரிகுடாக்களுக்குள் நுழையும். அங்கிருந்து ஸோடியாக் என்கிற ரப்பர் படகுகளை இறக்கி, பத்துப் பத்துப் பேராகக் கரையில் கொண்டுபோய் விடுவார்கள். பகலில் பெங்குவின்களுக்கு நடுவே நடப்பது, ராத்திரி கப்பலில் விஞ்ஞானிகளின் பேச்சைக் கேட்பது. இன்று அந்தப் பக்கம் ஓடுகிற கப்பல்கள் எல்லாம், பாப்பா போகப்போவதும் சேர்த்து, இந்த வழக்கத்தைத்தான் பின்பற்றுகின்றன.

1972-ல் அண்டார்க்டிகாவில் தரைதட்டியது. சிலி கடற்படை வந்து பயணிகளைக் காப்பாற்றியது. கப்பலை மீட்டுப் பழுது பார்த்து மறுபடியும் ஓட்டினார்கள். 1984-ல் கனடாவுக்கு வடக்கே இருக்கும் வடமேற்குக் கடல்வழியைக் கடந்த முதல் பயணிகள் கப்பல் என்ற பெயர் எடுத்தது. அதே வழியை முதலில் கடந்த அமுண்ட்சனுக்கு 1903-லிருந்து 1906 வரை ஆயிற்று. லிண்ட்பிளாட் எக்ஸ்ப்ளோரராகப் பிறந்து, சொசைட்டி எக்ஸ்ப்ளோரர் ஆகி, கடைசியில் வெறும் எக்ஸ்ப்ளோரர். பனிக்கடலில் 38 வருஷம் உழைத்த கப்பல் அது.

2007 நவம்பரில் அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து புறப்பட்ட பயணத்தில், 23-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, அண்டார்க்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்குப் பக்கத்தில் பனியில் மோதி ஓட்டை விழுந்தது. லைபீரியக் கொடியில் ஓடிய கப்பல் என்பதால் அந்த நாடுதான் விசாரித்தது. 2009-ல் வந்த அறிக்கையைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் என்னை உலுக்கியது ஓட்டையின் அளவு இல்லை. மாஸ்டருக்கு, அதாவது கேப்டனுக்கு, அனுபவம் வட ஐரோப்பாவின் பால்டிக் கடலில். எதிரே இருந்தது அந்த வருஷத்துப் புதுப் பனி, மெதுவாக உடைத்துக்கொண்டு போய்விடலாம் என்று நம்பினார். இருட்டில், அந்த இடத்துக்கு அதிகமான வேகத்தில் போனார். ஆனால் அது நிலத்துப் பனி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உனக்குப் புரிய வேண்டும். கடல்நீர் உறைந்த புதுப் பனிக்குள் உப்புநீர் குட்டிக் குட்டி அறைகளாகத் தங்கியிருக்கும். அதனால் இளகலாக இருக்கும். வருஷம் ஆக ஆக உப்பு வடிந்து இறுகும். பனியாற்றிலிருந்து உடைந்து கடலில் விழுந்த கட்டியோ நல்ல தண்ணீர்ப் பனி. ஆண்டாண்டாக அழுந்தி நம் பர்கூர்க் கருங்கல் மாதிரி ஆகிவிட்ட சரக்கு. பெரும்பகுதி தண்ணீருக்குள் கிடக்கும். அலை இருந்தால் சின்னக் கட்டிகள் ராடாரிலும் சரியாகத் தெரியாது.

போன மாதம் ஒகேனக்கல்லில் பரிசல்காரர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, மூங்கில் பின்னலின் மேல் உள்ளங்கையை அழுத்தி அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அங்கே மட்டும் மறுபடி தார் பூசினார். "நுரை அடிக்கற எடம் கூடப் பரவால்லீங்க சார், எண்ணெய் ஊத்துன மாதிரி அமைதியா இருக்கற எடத்தைத்தான் நான் சுத்திக்கிட்டுப் போவேன்" என்றார். அந்த ஆறு அவர் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பழகிய ஆறு. அந்த மாஸ்டருக்குப் பழகிய கடல் வேறு.

நான் தேர்டு இன்ஜினியராக இருந்த காலத்தில், குளிர்கால அட்லாண்டிக்கில், ஒரு சரக்குக் கப்பலில் கடல்நீர்க் குழாயின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிய்ந்துபோனது. உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். ஐந்தாவது நிமிஷம் கையில் ஸ்பானர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, விரல் மரத்துவிட்டது. வால்வை மூட நாற்பது நிமிஷம் ஆனது. அதனால்தான் எக்ஸ்ப்ளோரரில் கரண்டும் போய், ஜனங்கள் திறந்த படகுகளில் மணிக்கணக்கில் நடுங்கிக்கொண்டு இருந்தார்கள் என்று படித்தபோது அறிக்கையை மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் 154 பேரும் பிழைத்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. நார்வேயின் நோர்ட்நோர்கே என்ற கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு கிங் ஜார்ஜ் தீவில் இறக்கியது; அங்கிருந்து சிலி விமானப்படையின் ஹெர்குலிஸ் விமானத்தில் ஊர் சேர்ந்தார்கள். கப்பல் மட்டும் அன்றைக்கே 1,000 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு கப்பல் இருந்ததும், அன்று கடல் பெரிதாகக் கொந்தளிக்காமல் இருந்ததும்தான் காப்பாற்றின.

இப்போது அதிர்ஷ்டத்தை நம்பியே போக வேண்டியதில்லை. 2011 ஆகஸ்டிலிருந்து அங்கே கனரக எண்ணெய் எரிக்கவோ கொண்டுபோகவோ கூடாது. 2017 ஜனவரியிலிருந்து, துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கான சர்வதேச விதியான போலார் கோட் அமலில் இருக்கிறது. உதவி வர எத்தனை நாள் ஆகும் என்று ஒவ்வொரு கப்பலும் கணக்கிட வேண்டும். ஐந்து நாளுக்குக் குறைவாக அந்தக் கணக்கு இருக்கக் கூடாது. அத்தனை நாளும் ஜனங்களை உயிரோடு வைத்திருக்கும் சாமான்கள் கப்பலில் இருக்க வேண்டும். உயிர்காப்புப் படகுகள் மூடியதாகவோ பாதி மூடியதாகவோ இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் இறங்கக் கூடாது என்பதும் கட்டுப்பாடு.

அதனால் பாப்பா போகட்டும். பணம் கட்டுமுன் கம்பெனிக்காரர்களிடம் இரண்டு விஷயம் மட்டும் கேட்கச் சொல். கப்பலின் ஐஸ் கிளாஸ், அதாவது பனியைத் தாங்கும் பலத்தின் தரம், என்ன, மாஸ்டர் அண்டார்க்டிகாவில் எத்தனை சீசன் ஓட்டியிருக்கிறார். ஹோட்டல் அறை, சாப்பாடு பற்றி அவர்களே பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் மழுப்பினால் வேறு கப்பல் பார்க்கச் சொல். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் கடலைக் கடக்க இரண்டு நாள், வாந்தி வரும், மாத்திரையைப் புறப்படுமுன்பே போட வேண்டும்.

தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தை முழுசாக வாசித்துக் காட்டு. கரண்டு போனதையும் விடாதே. என்னுடைய பழைய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி இன்னும் நன்றாக இருக்கிறது. மாவடு ஊறுகாயோடு சேர்த்துப் பார்சல் அனுப்புகிறேன். கையுறை மாமா கொடுத்தது என்று பாப்பாவிடம் சொல்.

அன்புடன்,
உன் சின்னராஜ்