வரோனெஷ் கப்பலைப் பற்றி மகளுக்கு

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ரஷ்யாவில் வரோனெஷ் நகரத்துக் கப்பல் மியூசியத்தின் முன்னால் நின்று நீ அனுப்பிய படம் பார்த்தோம். படத்துக்குக் கீழே, "ஒரு சண்டைகூடப் போடாத கப்பலாம்ப்பா, இதுக்கு இவ்வளவு பில்டப்" என்று போட்டிருந்தாய். படகுப் பட்டறையிலேயே வயதைக் கழித்தவனிடம் இப்படிச் சொல்லலாமா? போனில் பதில் சொன்னால் கிளாஸ் இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கப்பல் மிதக்கும் அகலமான நீர்ப்பரப்பு 1972இல் அணை கட்டித் தேக்கியது. ரஷ்யாவின் பீட்டர் மன்னர் 1698 நவம்பரில் கோட்டோ பிரெடெஸ்டினாட்சியா என்ற அந்தக் கப்பலுக்கு அடிக்கட்டை போட்டபோது அங்கே ஓடியது ஆறு மட்டும்தான். அதில் இறங்கி, தோன் ஆற்றைப் பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனால்தான் அசோவ் கடல். பனி உருகி வெள்ளம் வரும் வசந்த காலத்தில்தான் பெரிய கப்பல் நகர முடியும். முகத்துவாரமும் மணல் திட்டு. துருக்கிக்காரனோடு மோத அந்த வழியாக 58 பீரங்கிகளைக் கொண்டுபோக வேண்டும். ஆழமாகக் கட்டினால் தரை தட்டும். ஆழத்தைக் குறைத்தால் மேல்பாரம் கூடிக் காற்றில் சாயும். எந்த மேஸ்திரிக்கும் இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும்.

அவர்கள் செய்ததைப் பார். நீளம் சுமார் 36 மீட்டர், அகலம் ஒன்பதரை. அடிப்பகுதியைத் தட்டையாக்கி, நீருக்குள் மூன்று மீட்டர் அளவுக்கே இறங்கும்படி வைத்தார்கள். 16 பவுண்டு குண்டு போடும் கனமான பீரங்கிகள் 26ஐயும் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். எட்டு பவுண்டு 24 அதற்கு மேலே, சின்னதுகள் எட்டு உச்சியில்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஏரா, அதாவது அந்த அடிக்கட்டைதான். அதை இரண்டு அடுக்காகச் செய்தார்கள். தரை தட்டினால் கீழ் அடுக்கு மட்டும் பெயர்ந்து போகும், மேல் அடுக்கு அப்படியே இருக்கும், உள்ளே தண்ணீர் வராது. தட்டாமல் போக முடியாது என்று முன்பே ஒப்புக்கொண்டு வேலை செய்தவன் யோசனை அது. பீட்டருடைய யோசனை என்றுதான் சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். அவர் சும்மா மேற்பார்வை பார்த்த ராஜா இல்லை. 1697இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளத்தில் தச்சனாக நின்று வேலை கற்றவர். நம் நாகப்பட்டினத்தை அப்போது கையில் வைத்திருந்த அதே கம்பெனிதான்! டச்சுக்காரர்கள் கைப்பழக்கத்தில் கட்டுகிறார்கள், வரைபடக் கணக்கு சொல்லித் தர ஆளில்லை என்று அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனார். நான் கற்றதும் கைப்பழக்கம்தான், அதனால் அந்த இடத்தில் மட்டும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்.

மன்னர் ஊர் ஊராகப் போய்விடுவார். வேலையை முடித்தவர்கள் ஃபெதோசெய் ஸ்க்லியாயெவும் லுக்யான் வெரெஷாகினும், இரண்டு பேருமே ரஷ்யர்கள். வரோனெஷில் மற்ற கப்பல்களை வெளிநாட்டு மேஸ்திரிகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேலை தொடங்கும் நேரத்தில் இந்த இருவரும் ஏதோ அடிதடியில் மாட்டி மாஸ்கோ பக்கம் காவலில் இருந்தார்கள். என் ஆட்களை ஏன் பிடித்து வைத்திருக்கிறாய் என்று பீட்டர் மனம் நொந்து கடிதம் எழுதி வரவழைத்தார். நல்ல தச்சனுக்காக ராஜாவே கெஞ்ச வேண்டியிருந்தது, பார்!

1700 ஏப்ரலில் கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதே ஜூலையில் துருக்கியோடு சமாதான ஒப்பந்தம், ஆகஸ்டில் வடக்கே ஸ்வீடனோடு போர். கப்பல் தெற்கே, சண்டை வடக்கே. இதற்குத் தச்சன் என்ன செய்வான்? ஆற்றிலேயே பல வருஷம் கிடந்தது. கடைசியாக 1711இல் துருக்கிப் படை அசோவ் கடல் துறைமுகமான தகன்ரோகுக்கு எதிரே வந்தபோது, ரஷ்யக் கடற்படைத் தளபதி கார்னேலியஸ் க்ரூய்ஸின் அணியில் நின்றது. பெரிய மோதல் இல்லை. அதற்குள் ப்ரூத் ஆற்றங்கரையில் பீட்டரின் தரைப்படை வளைக்கப்பட்டுவிட்டது. அசோவ் கோட்டையைத் துருக்கியிடம் திருப்பிக் கொடுத்தார்கள், தகன்ரோக் கோட்டையை இடித்தார்கள், கப்பலைத் துருக்கிக்காரனிடமே விற்றார்கள். யாரை அடிக்கக் கட்டினார்களோ அவனிடமே! அந்தக் காலத்தில் வரோனெஷில் கட்டிய பல கப்பல்கள் பச்சை மரத்தில் அவசரமாகச் செய்ததால் நின்ற இடத்திலேயே உளுத்துப்போயின. இது விலைபோகும் நிலையில் இருந்ததே, அதை நீ கணக்கில் எடுக்க வேண்டாமா?

நீ ஏறிப் பார்த்தது 2014இல் திறந்த நகல். அசல் வரைபடம் கிடைக்காததால் அட்ரியான் ஸ்கோனெபெக் என்பவர் 1701இல் செதுக்கிய படத்தை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். உடம்பு இரும்பு, மேலே மரம். அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனாலும் பின்பக்கச் செதுக்கு வேலை படத்தில் நன்றாகத் தெரிந்தது.

மறுபடி போனால் உனக்கு ரஷ்ய மொழி வருகிறதே, அந்த இரட்டை ஏராவை உள்ளே எங்காவது மாதிரி செய்து வைத்திருக்கிறார்களா என்று கேள். இருந்தால் பக்கவாட்டிலிருந்து ஒரு படம், நீ நடுவில் நிற்காமல்.

அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள். இங்கிருந்து வரும் உன் சிநேகிதி எந்தத் தேதியில் கிளம்புகிறாள் என்று சொல்.

இப்படிக்கு,
அப்பா