அம்மாவுக்கு ஒரு பதில்

பென்சில்வேனியா,
அக்டோபர் கடைசி வாரம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அங்கே நீ, அப்பா, பாட்டி, சின்னவள் எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் பாடம் நடத்துகிறார்களாமே, அப்படிப்பட்ட இடத்திலா உன்னை விட்டிருக்கிறோம் என்று பாதிப் பக்கத்துக்குக் கேட்டிருக்கிறாய். ஆத்தூர் அத்தை அரைகுறையாகச் சொல்லி உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார். முழுதாக நானே சொல்கிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டு.

எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேருகிற யாராக இருந்தாலும், மாணவரோ ஊழியரோ, பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும். நான் படித்துக்கொண்டே ஆய்வக வகுப்பும் எடுப்பதால் இரண்டு பேருக்கும் உள்ளது எனக்கு உண்டு. கணினியில் வீடியோ ஓடும், நடுநடுவே கேள்வி வரும். முடிக்காவிட்டால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய விடமாட்டார்கள். அத்தை சொன்னது அதில் ஒரு சின்னப் பகுதிதான்: முடிந்தால் வெளியே ஓடு, முடியாவிட்டால் கதவை அடைத்து ஒளிந்துகொள், வேறு வழியே இல்லையென்றால் எதிர்த்து நில். தீப்பிடித்தால் என்ன செய்வது, கண்ணில் அமிலம் பட்டால் 15 நிமிடம் விடாமல் கழுவுவது, குடி, பாலியல் தொல்லை என்று மற்றதெல்லாம் நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடியவை.

நிறையப் பேர் வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இதெல்லாம் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1986-ல் இதே மாநிலத்தில், லீஹை பல்கலைக்கழகத்தில், ஜீன் கிளெரி என்ற 19 வயதுப் பெண்ணை அவள் விடுதி அறையிலேயே கொன்றுவிட்டான் ஒருவன். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளை யார் யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வளாகத்தில் என்னென்ன குற்றம் நடந்திருக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் மகளை அங்கே சேர்த்திருக்க மாட்டோம் என்று அவள் அப்பாவும் அம்மாவும் போராடினார்கள். 1990-ல் சட்டம் வந்தது. இன்று அதற்கு அந்தப் பெண்ணின் பெயர்தான். அரசின் மாணவர் நிதியுதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் வருடா வருடம் அக்டோபர் 1-க்குள் தன் வளாகத்தில் நடந்த குற்றங்களின் கணக்கை வெளியிட வேண்டும். ஆபத்து என்றால் உடனே எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். புதியவர்களுக்குப் பயிற்சி என்பதை 2013-ல் சேர்த்தார்கள்.

நாவரசுவை நினைத்துக்கொண்டேன். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கப் போன பிள்ளை, ராகிங்கில் உயிரை விட்டானே. அந்தச் செய்தி வந்த நாட்களில் நீ சாப்பிடவே இல்லை என்று பாட்டி சொல்வார். அடுத்த வருடமே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கேயும் அங்கேயும் ஒரு வீட்டுப் பிள்ளை போன பிறகுதான் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பயிற்சியை எப்படியம்மா கடமைக்குப் பொத்தானை அழுத்தி முடித்துவிட்டுப் போவது?

அது வீண் போகவும் இல்லை. போன மாதம் ஆய்வக வகுப்பு முடிந்ததும் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி தயங்கி நின்றாள். "ஒன்று சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது" என்றாள். நம் ஊரில் என்றால் "சத்தியமாகச் சொல்லமாட்டேன்" என்றுதான் வாயில் வந்திருக்கும். ஆனால் வகுப்பு எடுப்பவர்கள் பாலியல் தொல்லை போன்ற விஷயம் காதில் விழுந்தால் அதற்கென்று இருக்கும் அலுவலகத்தில் சொல்லியே ஆக வேண்டும், ரகசியம் காக்கும் உரிமை மனநல ஆலோசகருக்கு உண்டு என்று பயிற்சியில் படித்திருந்தேன். அவள் தொடங்கும் முன்பே அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம், "ஆலோசகரிடம் போகிறேன், கூட வருவீர்களா?" என்றாள். வாசல்வரை போய் விட்டுவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இப்போது வகுப்பில் நிமிர்ந்து உட்காருகிறாள்.

வளாகத்தில் ஆங்காங்கே நீல விளக்குத் தூண் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பல்கலைக்கழகக் காவலர் பேசுவார். ராத்திரி ஆய்வகத்திலிருந்து வரும்போது அந்த வழியாகத்தான் வருகிறேன். கீழ் வீட்டுத் தாத்தா தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் ரசத்துக்குத் தாளித்தாலே கூரையில் இருக்கும் புகை மணி அலறும். அடுத்த நிமிடம் கதவைத் தட்டுவார். ரசம்தான் என்று தெரிந்தாலும், அடுப்பை அணைத்துவிட்டு நானும் அறைத்தோழியும் படியிறங்கி வரும்வரை நகரமாட்டார். மணி அடித்தால் வெளியே வர வேண்டும், காரணத்தை அப்புறம் பார்க்கலாம் என்பார். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அவர் இருப்பது தைரியம். ரசப்பொடி தீரப் போகிறது. அத்தை பையன் வந்தால் கொடுத்துவிடு.

குளிர் பரவாயில்லை. பெரிய கோட் டிசம்பரில் தள்ளுபடி வரும்போது வாங்கிக்கொள்கிறேன், அதுவரை இரண்டு ஸ்வெட்டர் போதும். பணத்துக்குக் குறைவில்லை, அப்பாவை எதுவும் அனுப்பச் சொல்லாதே. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய விசாவில் இடம் இல்லை. அதனால் நான் உடம்பைக் கெடுத்துக்கொள்வேனோ என்ற பயமும் வேண்டாம்.

பயிற்சி முடிவில் ஒரு படிவம் வந்தது. அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கை தானாக உன் எண்ணைப் போட்டுவிட்டது. சீக்கிரம் வந்து சேரக்கூடிய ஆள் வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. எத்தனையோ கேள்விக்குச் சட்டென்று பதில் சொன்னேன், இதற்கு யார் பெயரும் வரவில்லை. உன்னிடம் வர வேண்டும் போல இருந்தது, அம்மா. கடைசியில் அறைத்தோழியின் எண்ணைப் போட்டேன். உன் எண்ணையும் எடுக்கவில்லை, இரண்டாவதாக இருக்கிறது.

சின்னவள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை பிரவுசிங் சென்டர் பையன் நிரப்பிக் கொடுத்தான், அப்பா படிக்காமலே ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய். அப்படி விடாதே. பெற்றோருக்கும் தனியாக ஓர் உறுதிமொழி அதில் உண்டு. அதில் அவளுடைய எண்ணும் அப்பாவின் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல். 1800-180-5522 என்ற உதவி எண் இரவு பகல் எந்நேரமும் உண்டு, அவள் போனில் பதிந்து வைக்கட்டும். பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் கல்லூரியின் உள் புகார் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். விடுதியில் சீனியர்கள் எப்படி என்று நீ கேட்டால் "நல்லா இருக்காங்க" என்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் பேசுகிறேன்.

பாட்டியின் கண் ஆபரேஷனைத் தை வரைக்கும் தள்ள வேண்டாம். பெரியப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தை நீட்டினால் வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் அப்பா கையெழுத்துப் போடக் கூடாது, மாமாவையும் கூட உட்காரச் சொல். வங்கிக் கடனுக்கான வட்டியை ஜனவரியிலிருந்து நான் கட்டுகிறேன். அதுவரை வளையலை மட்டும் அடகு வைக்காதே.

அன்பு மகள்.