பில் வராத வதந்தி

ஆசிரியருக்கு,

வணக்கம். இணையம் நம்மை வேறு மனிதர்களாக மாற்றிவிட்டது என்று சென்ற வாரக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரணியில் பதினைந்து வருடம் எஸ்.டி.டி. பூத், அதாவது காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசுகிற கடை, வைத்திருந்தவன் நான். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாதுதான். ஆனால் அந்தக் கண்ணாடிக் கதவு எதையும் மறைத்ததில்லை.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று டெல்லியில் கிளம்பிய பேச்சு அன்றைக்கே நாடு முழுக்கப் பரவியது. பொதுமக்களுக்கு இணையம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவும் பெருநகரங்களில். எங்கள் ஊரில் அந்தப் பெயரே தெரியாது. ஆனாலும் பூத் வாசலில் வரிசை, சிலர் கையில் பால் செம்பு வேறு. கரண்டிப் பாலைக் கல் இழுத்துக்கொள்வதற்குப் பரப்பு இழுவிசைதான் காரணம் என்று விஞ்ஞானிகள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஆக, கேட்டதை நம்பி ஓடுவது நம் பழைய குணம்.

ஆனால் அன்று தலைக்கு மேலே கட்டண மீட்டரில் சிவப்பு எண் ஓடிக்கொண்டிருந்தது. காசு போகிறதே என்று அக்காவுக்கும் சம்பந்திக்கும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கம் இருப்பவரும் சும்மா இருக்க மாட்டார், "நீ பாத்தியா?" என்று கேட்பார். ஒரு பெரியவர் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, "இல்ல, பக்கத்து வீட்ல சொன்னாங்க" என்று முனகினார். கையில் எழுதி வைத்திருந்த இரண்டாவது நம்பரைப் போடாமலே பில்லைக் கட்டிவிட்டுப் போனார்.

2018 மே மாதம், எங்களுக்குப் பக்கத்தில் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று நினைத்து ஊரே கூடி அடித்ததில் அவர் இறந்தார். அதற்கு முன் சில வாரங்களாகவே வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று எல்லார் போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் வந்தது. அனுப்பியவருக்கு ஒரு பைசா செலவில்லை. "நீ பாத்தியா?" என்று யாரும் கேட்கவுமில்லை, நான் உட்பட.

அந்த ஜூலையில் வாட்ஸ்ஆப், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கழற்றிப் போட்ட மீட்டரை அவர்களே திரும்ப மாட்டியது போல இருந்தது எனக்கு.

சரி, ஊரைச் சொல்வானேன். நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு பொய் சுற்றியதே, அதை எங்கள் குடும்ப குரூப்பில் போட்டவனே நான்தான். "எங்க பாத்தீங்க மாமா?" என்று தங்கை மகன் கேட்டான். கும்பிடுகிற பொம்மை ஒன்றைப் போட்டு நழுவிவிட்டேன். பூத்துக்குள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் ஏதாவது பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பழைய பூத்காரர்,
ஆரணி