செயலாளரின் ஆண்டறிக்கை: பராமரிப்பு இல்லங்களில் பூச்சிக் கட்டுப்பாடும் தூய்மையும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், முதியோர் இல்லங்களில் இருப்போரின் குடும்பத்தாருக்கும், பணியாளர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி பூச்சித் தொல்லைக்கே போனதால், அதைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

ஓர் இல்லத்திலிருந்து கரப்பான் பூச்சிப் புகார் ஓயாமல் வந்தது. மருந்து அடிப்பார்கள், சில வாரங்களில் மறுபடி தலைகாட்டும். சமையலறையில் பெருகும் சிறிய பழுப்புக் கரப்பானின் ஒரு முட்டைக் கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் வரை இருக்கும். இடுக்கில் பதுங்கித் தப்பிய ஒன்றிரண்டு பெண் பூச்சிகளே போதும். அதனால் தெளிப்பதை விட்டுவிட்டு, ஃபிரிட்ஜின் பின்புறம், கழுவு தொட்டியின் அடி போன்ற கதகதப்பும் ஈரமும் உள்ள இடங்களில் ஜெல் மருந்து வைக்கச் சொன்னோம். ஒழுகிய குழாய்களைச் சரிசெய்தார்கள், இடுக்குகளை அடைத்தார்கள், எச்சில் தட்டுகள் இரவு முழுக்கக் கிடப்பதும் நின்றது. புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது.

மூச்சுத் திணறல் உள்ளவர்களும் படுத்த படுக்கையாக இருப்பவர்களும் தங்கும் அறைகளில் மருந்து தெளிப்பதைச் சங்கம் தொடர்ந்து எதிர்க்கும். எழுந்து நடக்கவே முடியாதவரிடம் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்று எப்படிச் சொல்வது?

மூட்டைப்பூச்சி விஷயத்தில் வெட்கம்தான் பெரிய தடை. அழுக்கான இடத்துக்குத்தான் அது வரும் என்று நினைத்து, வந்ததையே மறைக்கப் பார்க்கிறார்கள். பெட்டி, துணிப்பை, சக்கர நாற்காலி என எதில் வேண்டுமானாலும் தொற்றிக்கொண்டு வரும். வயதானவர்களில் பலருக்குக் கடித்த இடம் தடிப்பதே இல்லை, ஆகவே யாராவது அரிக்கிறது என்று சொல்லட்டும் எனக் காத்திருக்கக் கூடாது. விரிப்பை மாற்றும்போதே மெத்தையின் தையல் ஓரத்தில் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துணிகளை 60 டிகிரி சூட்டில் துவைத்தால் முட்டைகளும் சாகும்.

சிரங்கு வேறு கதை. அதற்குக் காரணமான நுண்ணிய உண்ணி மனிதத் தோலுக்குள் வாழ்வது, அறைக்கு மருந்து அடித்துப் பயனில்லை. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதற்குள் பலருக்கும் பரவியிருக்கும். எனவே ஒருவருக்குக் கண்டால், அவரைத் தொட்டுப் பராமரித்த பணியாளர்கள் உட்பட நெருங்கிப் பழகிய எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை தரவேண்டும் என மருத்துவர் விளக்கியது மிகவும் உதவியாக இருந்தது.

துப்புரவுப் பணியாளர்களுக்கான பயிற்சியும் நடந்தது. பிளீச்சிங் கரைசலோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை அங்கே அழுத்திச் சொன்னோம். வயிற்றுப்போக்கு பரவும் நாட்களில் சானிடைசரை மட்டும் நம்பாமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவ வேண்டும் என்பதையும் சொன்னோம். முதல் எலிப்புழுக்கை கண்ணில் படுவது இவர்களுக்குத்தான். ஆனால் சொன்னால் திட்டு விழுமோ என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயம் போகாமல் வேறு எதுவும் நடக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

எனவே ஒவ்வொரு தளத்திலும் பூச்சிப் பதிவேடு வைத்து, பார்த்தது என்ன, எங்கே, எப்போது என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், எழுதியவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். அப்புறம், அந்தப் பதிவேட்டை மாதம் ஒருமுறை பார்வையிட உறுப்பினர்கள் சிலர் முன்வர வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்