ஷாக் வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடு கண்ணு

கண்ணு,

வண்டிக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் புதுசு வாங்கப் போகிறேன் என்று நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "லீட்ஸ்ல போய் இந்தப் பழைய இரும்பத்தான் வாங்குனாளா, இதுக்கு மேல இன்னும் செலவா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள், அதை விடு. வண்டி நல்ல வண்டிதான். யமஹா டிஒய் 175, எழுபதுகளில் ட்ரயல்ஸுக்கென்றே, அதாவது பாறை, கல்படி மேல் கால் ஊன்றாமல் மெதுவாக ஏறுகிற போட்டிக்கென்றே செய்தது. மிக் ஆண்ட்ரூஸ் என்ற உங்க இங்கிலாந்துக்காரர் யமஹாவுக்காக உட்கார்ந்து உருவாக்கிய வண்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை 5 தடவை ஜெயித்தவர், அதில் 1974, 75 இரண்டும் யமஹாவில். பின்னால் இரண்டு ஷாக் வைத்த இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே அங்கே 'ட்வின்ஷாக்' என்று தனிப் பிரிவு வைத்து ஓட்டுகிறார்கள் என்று நீ சொன்னபோது சந்தோஷமாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீட்டை அமுக்கிவிட்டு நீ கையை எடுத்ததும் பின்பக்கம் எகிறி வந்து, மறுபடி இறங்கி, மறுபடி எகிறியது பார், அதிலேயே தெரிந்துவிட்டது. ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது, உள்ளே எண்ணெயின் வேலை செத்துவிட்டது. அமுங்கியதை மெதுவாகத் திருப்பி விடுவதற்குத்தான் அந்த எண்ணெயும் வால்வும். அது இல்லாமல் ஒரு கல்படியில் ஏறினால் டயர் கல்லை விட்டு எழும்பும், எழும்பிய டயருக்குப் பிடிப்பு ஏது? அந்தக் காலத்து ஜப்பான் ஷாக்குகள் பெரும்பாலும் சீல் வைத்து மூடியவை, நம் பட்டறையில் புல்லட் ஷாக்கைப் பிரித்து ஆயில் மாற்றி சீல் போடுகிற மாதிரி இதைச் செய்ய முடியாது. அதனால் புதுசு வாங்குவது சரியான முடிவு.

ஆனால் நீ படம் அனுப்பிய அந்த ஜோடி வேண்டாம். தங்க நிறம், பக்கத்தில் தனியாக கேஸ் டப்பி ஒட்டியது, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அது மண் மேடுகளில் வேகமாகத் தாவி ரேஸ் ஓட்டுகிற மோட்டோகிராஸ்காரனுக்கு. அவன் ஒரு சுற்றுக்குள் நூற்றுக்கணக்கான தடவை சக்கரத்தை மேலும் கீழும் அடிக்கிறான், உள்ளே எண்ணெய் கொதித்து நுரை தட்டும், நுரை தட்டினால் வால்வு வழியாக எண்ணெய்க்குப் பதில் காற்று போகும், ஷாக் இருந்தும் இல்லாத மாதிரிதான். அதற்குத்தான் நைட்ரஜன் அடைத்த அந்த டப்பி. 1973இல் யமஹா ஒற்றை ஷாக் வைத்த வண்டியில் ஹாகன் ஆண்டர்சன் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் ஜெயித்த பிறகு இரண்டு ஷாக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, ஷாக்கை முன்னால் தள்ளிச் சாய்த்து வைத்து சக்கர ஓட்டத்தை, அதாவது சக்கரம் மேலும் கீழும் போகிற தூரத்தைக் கூட்டினார்கள், சூடும் கூடவே ஏறியது. உனக்கு அந்தத் தொந்தரவே இல்லை. நீ நின்றுகொண்டு நடக்கிற வேகத்தில் பாறை மேல் ஏறுகிறாய், சூடு எங்கிருந்து வரும்? அந்த டப்பி உன் குதிகாலில் இடிக்கும், இல்லாவிட்டால் யார்க்ஷயர் பாறையில் இடிக்கும். அவ்வளவுதான் மிச்சம்.

இன்னொன்று, அந்த விளம்பரத்தில் இருப்பது உன் பழைய ஷாக்கைவிட 20 மில்லிமீட்டர் நீளம். "நீளமா இருந்தா தரையில இடிக்காதுப்பா" என்றாய். இதை நான் ஒரு தடவை செய்து அசிங்கப்பட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வால்பாறையில் ஒரு எஸ்டேட் சூப்பர்வைசர், அவரிடம் ராஜ்தூத் 175. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கி, பிறகு தோட்டத்துக்குள் கல் ரோடு. பின்பக்கம் அடி வாங்குகிறது என்றார். எனக்கு அப்போது வயது இருபத்தாறு, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வேறு வண்டியின் நீளமான, கெட்டியான ஷாக்கை, போல்ட் துளைக்குள் இருக்கிற புஷ்ஷை மாற்றி மாட்டி அனுப்பினேன். பத்தாம் நாள் திரும்பி வந்தார். பின் சக்கரத்தைத் தாங்குகிற கை இருக்கிறதே, ஸ்விங் ஆர்ம், செயின் அதன் மேல்பக்கத்தை அறுத்து, ரம்பத்தால் இழுத்த மாதிரி பளபளவென்று ஒரு கோடு. பின்பக்கம் தூக்கியதால் ஸ்டாண்டு எட்டாமல் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து டேங்க் நசுங்கியிருந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. "தம்பி, பழசையே போட்டுக் குடுத்துரு" என்றார், கூலியும் கொடுத்தார். அந்தக் கூலியை வாங்கினேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஷாக் 20 மில்லி நீண்டால் பின் அச்சு இருக்கிற இடத்தில் வண்டி ஏறக்குறைய 25 மில்லி தூக்கும், அப்படித் தூக்கினால் இந்த அளவு வண்டியில் முன் ஃபோர்க் கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிர்ந்துவிடும். வண்டி சட்டென்று திரும்பும், சிலர் வேண்டுமென்றே அதற்காகச் செய்வார்கள், ஆனால் இறக்கத்தில் முன்னால் கவிழ்க்கிற மாதிரி இருக்கும். இப்போதுதான் பழகுகிறாய், கம்பெனி வைத்த நீளமே உனக்குப் போதும்.

நீளத்தை எப்படி அளப்பது என்றால், மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடுவுக்கு. விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்து ஏமாறாதே. வண்டியை ஸ்டூல் மேல் தூக்கி, பின் சக்கரம் காற்றில் தொங்கும்போது அள. ஐம்பது வருஷத்தில் யாராவது வேறு வண்டியின் ஷாக்கை மாட்டியிருக்கலாம், அதனால் டிஒய் 175க்கு என்ன நீளம் என்று அங்கே பழைய ட்ரயல்ஸ் ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அப்புறம் இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலே தூக்கிப் பார். டயர் மட்கார்டில் எங்கே தொடுகிறது, செயின் எந்த இடத்தில் இறுகுகிறது என்று. முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். செயின் தொய்வை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கழற்றியது கழற்றினாய், ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஆடினாலோ, மேலும் கீழும் போகும்போது கரகரவென்றாலோ முதலில் ஸ்விங் ஆர்ம் போல்ட்டில் இருக்கிற புஷ்ஷை மாற்று. அது காய்ந்து கிடந்தால் எவ்வளவு விலை கொடுத்து ஷாக் வாங்கினாலும் பிரயோசனம் இல்லை.

இனி ஸ்பிரிங். இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். கடைக்காரன் "50 பவுண்டு" என்றால் அந்த ஸ்பிரிங் ஓர் அங்குலம் அமுங்க 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 கிலோ வேண்டும் என்று அர்த்தம். ட்ரயல்ஸுக்கு 40, 50, 60 என்கிற மாதிரிதான் கிடைக்கும். உன் எடை 58 என்றாய், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு எடை மிஷினில் ஏறிப் பார், 64 வரும். 90 கிலோ ஆளுக்கு என்று போட்டு வைத்த 60ஐ உன் தலையில் கட்டிவிடுவார்கள். பார்த்தால் பத்து பவுண்டுதானே என்று தோன்றும், கம்பியில் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். மற்றதெல்லாம் அதேபடி இருக்க, கம்பி 6.5 மில்லியிலிருந்து 7 மில்லி ஆனால் ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு கெட்டியாகிவிடும்! கம்பித் தடிமன் நான்கு தடவை பெருக்கலில் வருகிறது, அதனால்தான்.

ஷாக்கில் இருக்கிற கெட்டி அப்படியே சக்கரத்துக்கும் வராது. ஷாக் 80 மில்லி அமுங்கும்போது சக்கரம் 100 மில்லி எழும்புகிறது என்று வை, விகிதம் 1.25. அதை அதாலேயே பெருக்கு, 1.56. இரண்டு 50 சேர்ந்து 100, அதை 1.56ஆல் வகுத்தால் சக்கரத்தில் வெறும் 64 பவுண்டுதான். ஷாக்கை எவ்வளவு சாய்க்கிறோமோ இந்த விகிதம் அவ்வளவு ஏறும், ஸ்பிரிங்கும் கெட்டியாக வேண்டும். இன்னொருவர் தன் வண்டிக்குப் போட்ட எண்ணை நீ காப்பியடிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

நான் உன் இடத்தில் இருந்தால் 40க்கும் 50க்கும் நடுவில்தான் தேடுவேன். மாட்டிய பிறகு நீ ஃபுட்ரெஸ்டில் நின்றால், மொத்த சக்கர ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். 100 மில்லி ஓட்டம் என்றால் 30, 33. அதைவிட அதிகமாக அமுங்கினால் கீழே ஸ்பிரிங்கைத் தாங்குகிற காலரை ஒரு படி ஏற்று. ஏற்றினால் உயரம்தான் கூடும், ஸ்பிரிங் கெட்டியாகாது, இதைத் தெரியாமல் காலரைத் திருகிக்கொண்டே இருக்கிற மெக்கானிக்குகள் இங்கேயும் நிறைய. ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை ஷாக்கின் ராடில் கட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டு. சாயங்காலம் அது எங்கே தள்ளப்பட்டு நிற்கிறதோ, அவ்வளவுதான் ஷாக் அமுங்கியிருக்கிறது. பாதியிலேயே நின்றிருந்தால் ஸ்பிரிங் உனக்குக் கெட்டி. டயரில் காற்றும் 4, 5 பிஎஸ்ஐதானே வைக்கிறாய், அந்த டயரே ஒரு ஸ்பிரிங் மாதிரி, அதையும் மறக்காதே.

எந்தக் கம்பெனி என்று கேட்டாய். ஃபால்கன், ஹேகன், ராக்‌ஷாக் எல்லாம் உங்க ஊரிலேயே இருக்கிறது, ஸ்பெயினின் பெட்டார், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் கிடைக்கும். நான் பெயரைப் பார்க்க மாட்டேன். பிரித்து சீல் மாற்ற முடியுமா, ஸ்பிரிங்கை மட்டும் தனியாக மாற்றித் தருவார்களா என்று கேள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் கொஞ்சம் விலை கூட இருந்தாலும் வாங்கு, பத்து வருஷத்துக்குக் கவலை இல்லை. ஷாக்கின் முனையில் போல்ட் நுழைகிற கண் துளையின் அளவு உன் போல்ட்டுக்குப் பொருந்துகிறதா, ஸ்பிரிங்கின் வெளி விட்டம் செயின் கவரில் உரசாதா, அதையும் கேட்டுவிடு.

பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டிவிடாதே. படுத்தே வந்திருக்கும், உள்ளே காற்று புகுந்திருக்கும். வண்டியில் நிற்கிற மாதிரியே நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டுத் தடவை அமுக்கி விடு, தொளதொளப்பு போய் ஒரே சீராக இறங்கும். சாதாரண ரெட்டைக் குழாய் ஷாக்கைத் தலைகீழாக மாட்டினால் அதே காற்று வால்வுக்கு வந்துவிடும், எது மேல் பக்கம் என்று கேட்டுக்கொண்டு மாட்டு.

அளந்ததை எல்லாம் எழுதி போட்டோவோடு அனுப்பு, ஆர்டர் போடுவதற்கு முன்னால். இரண்டாவது ஷாக்கைக் கழற்றும்போது சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடு, இல்லாவிட்டால் ஸ்விங் ஆர்ம் பொத்தென்று உன் கால் மேல்தான் விழும். அம்மா பருப்புப் பொடி போட்டு அனுப்பியிருக்கிறாள், அந்தப் பார்சலிலேயே நம் பட்டறையின் 17க்கு 19 ஸ்பானர் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

அப்பா