வீட்டை வேலையிலிருந்து பிரித்துவிடுங்கள்

தமிழ்நாடு அரசுக்கும், நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் ஓட்டுக் கேட்டு வரும் எல்லாக் கட்சிகளுக்கும்,

வணக்கம். கொளப்பள்ளி, சேரம்பாடி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருக்கும் லைன் வீடுகளின் (வரிசையாகக் கட்டியவை) கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். மேராக்காய்க் கொடி இருக்கும், அவரை இருக்கும். பலாக்கன்று வைக்க யோசிப்பார்கள். அது காய்க்கும்வரை வீடு தங்கள் கையில் இருக்குமா என்று தெரியாதே.

1964 ஒப்பந்தத்தில் இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசுகள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த மலையகத் தமிழரைக் கணக்குப் போட்டுப் பிரித்தன. இந்தியாவின் பங்கு 5,25,000 பேர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறை இங்கே தேயிலை போட்டது. 1976இல் அது டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. அந்த நேரத்தில் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கூலி, கூரை, தண்ணீர் எல்லாமே ஒரே இடத்திலிருந்து வரும்படி அமைத்துவிட்டீர்கள். ஓடு உடைந்தால் மனு, குழாய் அடைத்தால் மனு. நாலு பேர் சேர்ந்தால் அரை நாளில் முடிகிற வேலைக்கும் ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். மனுவைக் கொண்டுபோக ஒரு கட்சிச் சங்கம் வேண்டும். ஆகவே ஒரே லைனில் நாலு கொடிக்கம்பம்! இலவசத்துக்குப் பழகிப்போனவர்கள் என்று எங்களைச் சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஓய்வு பெற்றால் வேலையோடு வீடும் போகிறது. அதனால் பிள்ளைகள் திருப்பூர், கோவை போனாலும், வீட்டைத் தக்கவைக்கவே ஒருவர் தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். முழங்கால் தேய்ந்த அம்மாக்கள் இன்னும் மலையேறிக் கொழுந்து எடுப்பது கூலிக்காக மட்டுமா?

அப்புறம் 2022இல், நஷ்டம் என்று சொல்லி 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசாணை போட்டீர்கள். யானைக்குக் காடு வேண்டும், அதில் சண்டையில்லை. (ராத்திரி வாசலில் யானை நிற்கிற ஊர் இது, எங்களுக்குத் தெரியாததா!) ஆனால் அந்தத் தேயிலையை நம்பியிருந்த குடும்பங்களின் வீட்டுக்கு என்ன வழி?

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: லைன் வீடுகள் நிற்கும் இடத்தையும் சுற்றி நாலைந்து சென்டையும் பட்டா போட்டுக் கொடுங்கள், வீட்டுப் பெண்களின் பெயரையும் சேர்த்து. வன நிலம், 1980 வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பீர்கள். சரி. அந்த அனுமதியைக் கேட்டு எழுத வேண்டியது நீங்கள்தானே. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது, எழுதிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை,
பந்தலூர் வட்டம்